தொண்ணூறு நூல்களும் ஒரு பெட்டியும்

1985ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு நாட் காலை, இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், சுங்க உத்தியோகத்தர் ஒருவர் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவையும் இருந்தன. ஆனால் அவற்றின் மேலும் கீழும் அடுக்கப்பட்டிருந்தவை புத்தகங்கள். ஒன்றை எடுத்துப் புரட்டினார். அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. “இவ்வளவு தூரம் இவற்றை எதற்காகச் சுமந்து வந்தீர்?” என்று கேட்டார். “வாசிப்பதற்கு” என்றேன். சிரித்துக்கொண்டே பெட்டியை மூடிவிட்டார்.

இருபது கிலோவுக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்பது அன்றைய பிரயாண விதி. அம்மா கட்டித் தந்த பலகாரத்திற் பாதியை எடுத்து வைத்துவிட்டுத்தான் பதினொரு புத்தகங்களுக்கு இடம் தேடினேன். அந்தப் பதினொன்றில் ஒன்று எனக்குச் சொந்தமானதன்று, இரவலாகப் பெற்றது. அதைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையைத் தொடங்கினேன். ஆயினும் அதற்கு முன்னர், ஒரு புத்தகப் பிரியன் இம்மாநகரில் எவ்வாறு காலங் கழிக்கிறான் என்பதை நேயர்களுக்குச் சிறிது சொல்லிவிடுகிறேன்.

ஈரமும் இடமும்

நான் குடியிருப்பது இலண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாம் என்னும் பகுதியில். வீதியில் இறங்கினால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கடை வாசலிலேயே குவிந்திருக்கும். நடை தூரத்தில் மனோர் பார்க் முருகன் கோயில் இருக்கிறது. தமிழ்ப் பேச்சுக் காதில் விழாத நாளே இல்லை. அந்நிய தேசத்தில் இருக்கிறோம் என்பதைச் சில வேளைகளிற் குளிர்தான் வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆனால் இங்கே முருங்கைக்காய் வாங்குவது எவ்வளவு எளிதோ, தமிழ்ப் புத்தகம் வாங்குவது அவ்வளவு கடினம். ஊருக்குப் போகிறவர், சென்னைக்குப் போகிறவர் எவராயினும், அவரிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தனுப்புவது என் வழக்கமாயிற்று. அதனால் என்னைக் கண்டதும் சாலையின் மறுபக்கம் மாறிப் போன நண்பர்களும் உண்டு.

சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசையில் எங்களுடையதும் ஒன்று. ஊரில் புத்தகத்திற்குப் பகை கறையான். இங்கே பகை ஈரம். வெளிச்சுவரை ஒட்டி அலுமாரியை வைத்தால் ஒரே மாரிகாலத்தில் அட்டைகளிற் பூஞ்சணம் பூத்துவிடும். சுவருக்கும் அலுமாரிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விடவேண்டும். புத்தகங்களை நெருக்கி அடுக்காமல் மூச்சுவிட இடந் தரவேண்டும். இந்தப் பாடத்தை இரண்டு நிகண்டுகளைப் பறிகொடுத்த பின்பே கற்றேன். நான் அலுமாரிகளை நகர்த்துவதைப் பார்த்து என் மனைவி சொல்வார்: “இஞ்சாருங்கோ, உந்தப் புத்தகங்களுக்கு இருக்கிற காற்றோட்டம் இந்த வீட்டிலை எனக்கில்லை.”

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்காளர் கந்தோர் ஒன்றில் இலிகிதராக வேலை பார்த்தேன். சுரங்க ரெயிலிற் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். வாழ்க்கையில் நான் வாசித்தவற்றுட் பாதியை அந்த எண்பது நிமிடங்களிலேதான் வாசித்தேன். அக்காலத்தில் ரெயிற் பெட்டி முழுவதும் பத்திரிகைகளும் புத்தகங்களுமாக இருக்கும். எதிரே இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று கழுத்தை வளைத்துப் பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்கு. இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது கைத்தொலைபேசி. அதிலும் சிலர் நாவல் வாசிக்கிறார்கள் என்பதை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை உலா

சனிக்கிழமை என் உலா நாள். முதலில் நன்கொடைக் கடைகள். மக்கள் தமக்கு வேண்டாத பொருள்களை இலவசமாகக் கொடுக்க, தரும ஸ்தாபனங்கள் அவற்றை விற்று நற்பணிக்குப் பயன்படுத்துகின்றன. ஒக்ஸ்பாம் என்னும் ஸ்தாபனம் புத்தகங்களுக்கென்றே தனிக் கடைகள் வைத்திருக்கிறது. இரண்டு மூன்று பவுணுக்கு நல்ல நூல் கிடைக்கும். அந்தப் பணமும் நல்ல காரியத்திற்குப் போகும்.

அங்கிருந்து தேம்ஸ் நதிக்கரைக்குச் செல்வேன். வோட்டர்லூப் பாலத்தின் கீழே நீண்ட மேசைகளைப் போட்டுப் பழைய புத்தகம் விற்கிறார்கள். மேலே பஸ்கள் ஓடும். பக்கத்தில் நதி ஓடும். மழை பெய்தால் பாலமே குடையாகும். அங்கே ஒரு மணி நேரம் நின்று வாசித்தாலும் ஒருவரும் முகஞ் சுளிப்பதில்லை.

பின்னர் சாரிங் குரொஸ் வீதி. அங்குள்ள பொயில்ஸ் என்னும் பெரிய புத்தகசாலையின் கதையை எங்கள் மாணவர்கள் கேட்கவேண்டும். வில்லியம், கில்பேர்ட் என்னும் சகோதரர் இருவர் அரசாங்க உத்தியோகப் பரீட்சை எழுதித் தோற்றார்கள். தோற்றபின், படித்த பாடப்புத்தகங்களை விற்பதற்கு விளம்பரஞ் செய்தார்கள். கேட்டு வந்தவர் பலர். இதுவே ஒரு தொழிலாகும் என்று கண்டு 1903ஆம் ஆண்டில் வியாபாரத்தைத் தொடங்கினார்கள். பரீட்சையில் தவறினால் உலகமே இருண்டுவிட்டது என்று எண்ணும் பிள்ளைகளும், அவர்களினும் மேலாக எண்ணும் பெற்றோரும், இச்சகோதரரை நினைத்துக்கொள்வது நல்லது.

அதே வீதியின் 84ஆம் இலக்கத்தில் முன்னர் மார்க்ஸ் கம்பனி என்னும் பழம்புத்தகக் கடை இருந்தது. நியூயோர்க்கில் வாழ்ந்த ஹெலன் ஹான்ப் என்னும் எழுத்தாளர், 1949 முதல் இருபது ஆண்டுகளாக அக்கடைக்குக் கடிதம் எழுதிப் புத்தகங்களைத் தருவித்தார். கடைக்காரருக்கும் அவருக்கும் கடிதத்தின் வழியே சிநேகம் வளர்ந்தது. ஆனால் கடையை நேரிற் பார்க்க அவர் இலண்டன் வந்தது 1971இலேதான். அதற்குள் அவருக்குக் கடிதம் எழுதிய பிராங்க் டோல் காலமாகிவிட்டார், கடையும் மூடப்பட்டுவிட்டது. அக்கடிதங்கள் நூலாகிப் பல நாடுகளிற் புகழ்பெற்றன. இன்று அவ்விடத்தில் சுவரில் ஒரு நினைவுப் பலகை மாத்திரம் இருக்கிறது. நான் அதன் முன் நிற்கும்போதெல்லாம், போகவேண்டிய இடத்திற்குப் பிந்திப் போவது பற்றிய ஒரு கவலை மனத்தில் எழும். அதன் காரணம் எனக்குத் தெரியும். நேயர்களும் பின்னர் அறிவீர்கள்.

கண்ணாடிக் கோபுரம்

உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் எனக்கு முதியோருக்குரிய இலவசப் பிரயாண அட்டை கிடைத்தது. வாரநாள்களிற் காலை ஒன்பது மணிக்குப் பின்னரே சுரங்க ரெயிலில் அது செல்லும். புத்தகப் பிரியனுக்கு அதற்கு முன்னே எங்கே அவசரம்? ஈஸ்ட் ஹாமில் ஏறினால் மாறாமலே கிங்ஸ் குரொஸில் இறங்கலாம். சில நிமிட நடையில் செங்கற் கட்டடமாகிய பிரித்தானிய நூலகம். வாரத்தில் ஒரு நாள் அங்கே போய்வருவது என் நித்திய கருமங்களுள் ஒன்றாகிவிட்டது.

முற்றத்திலே, குனிந்திருந்து கவராயத்தால் அளந்துகொண்டிருக்கும் நியூட்டனின் மாபெரும் வெண்கலச் சிலை. உள்ளே நுழைந்தால், திறந்த புத்தகத்தின் வடிவில் ஓர் ஆசனம். அதைச் சங்கிலியால் ஓர் இரும்புக் குண்டோடு பிணைத்திருப்பதுபோலச் செய்திருக்கிறார்கள். நடுவே ஆறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கோபுரம். மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் சேர்த்த நூல்கள் அதனுள் இருக்கின்றன. அவருடைய மைந்தர் 1823இல் அவற்றை நாட்டுக்குக் கொடுத்தார். மற்ற நூல்களில் ஒரு பகுதி நிலத்தின் கீழே பல அடுக்குகளில் இருக்கின்றது. நூலகத்தில் உள்ள பொருள்களின் தொகை பதினேழு கோடி என்கிறார்கள்.

இந்நூலகம் 1997 வரை பிரித்தானிய நூதனசாலையின் பெரிய வட்ட மண்டபத்தில் இயங்கியது. கார்ல் மார்க்ஸ் ஆண்டுக்கணக்காக இருந்து வாசித்த மண்டபம் அதுவே. இப்போதுள்ள கட்டடத்தில் வாசகர் அட்டை பெறுவதற்குப் பணம் வேண்டியதில்லை. நீங்கள் இன்னார் என்பதற்கும் இன்ன விலாசத்தில் இருக்கிறீர்கள் என்பதற்கும் அத்தாட்சி காட்டினாற் போதும். மேற்சட்டையையும் பையையும் கீழே பூட்டிவைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்ரிக் பையொன்றில் குறிப்புப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துச் செல்லவேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை. வேண்டிய நூலைக் கேட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேற் காத்திருந்தால், நிலத்தடியிலிருந்து அது உங்களைத் தேடி வரும். இலண்டனுக்குப் படிக்க வரும் எங்கள் மாணவர்கள் முதல் வாரத்திலேயே இந்த அட்டையைப் பெற்றுக்கொள்வார்களாக.

மூன்றாம் மாடியில் ஆசிய, ஆபிரிக்க நூல்களுக்குரிய வாசகசாலை இருக்கிறது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த போப்பையரும் பார்னெட் என்னும் அறிஞரும் தயாரித்த தமிழ் நூற் பட்டியல் 1909இல் வெளிவந்தது. அந்தப் பட்டியல் ஒன்றே ஒரு தடித்த நூல். முதன்முதல் அங்கே நான் கேட்டுப் பெற்றது, மானிப்பாய் அகராதி என்று வழங்கும் யாழ்ப்பாண அகராதி. லீவை ஸ்போல்டிங் பாதிரியாரும் சந்திரசேகர பண்டிதரும் உழைத்துச் செய்த அந்நூல், 58,500 சொற்களோடு 1842இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அச்சான ஒன்றை, ஐயாயிரம் மைலுக்கு அப்பால், மெத்தென்ற தாங்கியின் மேல் வைத்துப் பென்சிலோடு பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வந்தது. அதனூடே ஒரு வலியும் வந்தது.

இரண்டு தீ

அந்த வலிக்குக் காரணம் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1933இல் க. மு. செல்லப்பா என்னும் பெரியார் தம் இல்லத்திலே தொடக்கிய சிறு நூல்நிலையம், ஊரார் கொடுத்த பணத்தாலும் புத்தகத்தாலும் வளர்ந்து, சென்னைச் சிற்பி நரசிம்மன் வரைந்த அழகிய கட்டடத்தில் 1959இல் குடியேறியது. நூலகவியல் மேதை ரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். அந்த வெண்ணிறக் கட்டடத்தின் படிகளில் ஏறித்தான் நான் உலகத்தைப் பார்த்தேன். 1981ஆம் ஆண்டு மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த அந்த இரவில் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலே பன்மொழி அறிஞராகிய தாவீது அடிகளார் உயிர் துறந்தார்.

இலண்டனும் இத்துயரை அறியும். 1941ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி இரவு விழுந்த குண்டுகளால் பிரித்தானிய நூதனசாலையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் நூல்கள் எரிந்தன. இக்காலத்தில் தீயும் வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் எவரோ கணினி வழியே புகுந்து நூலகத்தின் பட்டியலையே முடக்கிவிட்டார்கள். நூல்கள் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் எது எங்கே என்று கணினி சொல்ல மறுத்தது. பழையபடி கடதாசியில் எழுதிக் கேட்க நேர்ந்தது. எவ்வளவு பெரிய காவலுக்கும் ஒரு பலவீனம் உண்டு என்பதை அன்று உணர்ந்தேன்.

வால்டேரோடு வந்தவர்

நூலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் டாவிஸ்டொக் சதுக்கம் என்னும் பூங்கா இருக்கிறது. நடுவிலே காந்தியடிகள் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். ஒரு மூலையில் எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்ப் அம்மையாரின் சிலை. அங்கேயுள்ள ஜிங்கோ மரம் ஒன்றின் அடியில் இருக்கும் பலகையை முதன்முறை வாசித்தபோது திகைத்துவிட்டேன். அம்மையாரின் கணவர் லெனாட் வூல்ப் இலங்கைக்கு வந்த நூற்றாண்டை முன்னிட்டு, இலங்கை உயர்ஸ்தானிகர் 2004இல் அம்மரத்தை நட்டிருக்கிறார். வூல்ப் தம்பதிகள் 1924 முதல் 1939 வரை இச்சதுக்கத்தில் வாழ்ந்தார்கள். அந்த வீடு 1940இல் குண்டுவீச்சில் அழிந்தது.

வூல்பைப் பற்றி மேலும் அறிந்தது வேறோர் உலாவிலே. சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் தம் காரில் என்னை ஹே-ஒன்-வை என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். இங்கிலாந்தும் வேல்ஸ் நாடும் சந்திக்கும் எல்லையில், வை நதிக்கரையில், மலைச்சாரலில் அமைந்த ஊர். மக்கள் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டாது. புத்தகக் கடைகளோ இருபதளவில் உள்ளன. றிச்சர்ட் பூத் என்பவர் 1960களின் தொடக்கத்தில், அவ்வூரின் பழைய தீயணைப்பு நிலையத்தை வாங்கி, அதிலே பழம்புத்தகக் கடை வைத்தார். மூடப்பட்ட நூல்நிலையங்களின் புத்தகங்களையெல்லாம் வாங்கிக் குவித்தார். 1977ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதி, ஹே ஒரு தனி இராச்சியம் என்றும் தாமே அதன் மன்னர் என்றும் பிரகடனஞ் செய்தார்! முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்று உலகம் சிரித்தது. ஆயினும் ஊரின் பெயர் எங்கும் பரவியது. 1988 முதல் ஆண்டுதோறும் அங்கே பெரிய இலக்கிய விழா நடைபெறுகிறது.

பழைய கோட்டையின் அருகே திறந்த வெளியில் புத்தகத் தட்டுகள் இருந்தன. காவலர் எவருமில்லை, வேண்டியதை எடுத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியிற் போடவேண்டியதுதான். அங்கே ஒரு நூலைத் திறந்தேன். முதற்பக்கத்தில், ஒரு தந்தை தம் மகளின் பன்னிரண்டாவது பிறந்த நாளுக்கு 1958இல் அன்போடு எழுதிய வரி. உள்ளே பார்த்தேன். பல தாள்கள் வெட்டப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன. அவள் அதை வாசிக்கவேயில்லை. தந்தை போனபின் வீட்டைத் துப்புரவு செய்தவர்கள் பெட்டியோடு கொடுத்திருப்பார்கள். வெயிலில் நின்ற எனக்குக் குளிர்ந்தது. என் அலுமாரிகளில் இருக்கும் எழுநூறு நூல்களின் கதி என்ன?

அன்று வேறொரு கடையில் மூன்று பவுணுக்கு வாங்கியது, லெனாட் வூல்ப் 1961இல் வெளியிட்ட சுயசரிதைப் பகுதி. காரிலேயே வாசிக்கத் தொடங்கினேன். இருபத்துநான்கு வயது இளைஞராக 1904இல் கொழும்பில் இறங்கிய அவர், அடுத்த ஆண்டு தை மாதம் யாழ்ப்பாணத்துக்கு உத்தியோகமாகிப் போகிறார். அவர் கொண்டுவந்தவை ஒரு நாயும், வால்டேர் என்னும் பிரெஞ்சு ஞானியின் நூல்கள் தொண்ணூறும்! எங்கள் ஊருக்குத் தொண்ணூறு நூல்களோடு வந்து, தனிமையில் அவற்றை வாசித்த அந்நியர் அவர். அவருடைய ஊருக்குப் பதினொரு நூல்களோடு வந்த அந்நியன் நான். அவருக்கு அரசாங்க உத்தியோகமும் பங்களாவும் இருந்தன; எனக்கு ஒரு பெட்டி மாத்திரமே இருந்தது. ஆயினும் இரவில் விளக்கின் கீழே எங்கள் இருவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றேதான் என்று தோன்றியது. வூல்ப் தம்பதிகளின் சொந்த நூல்களிற் பெரும்பகுதி இன்று அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. நூல்களும் மனிதரைப்போலவே கடல் கடக்கின்றன. ஆனால் எவரேனும் எடுத்து அனுப்பினால்தான் கடக்கின்றன.

பட்டியல்

வீட்டுக்கு வந்ததும் மகளோடு பேசினேன். அவள் மறைக்காமற் சொன்னாள்: “அப்பா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், நேரமில்லை. பிள்ளைக்கு நேரமிருக்குது, வாசிக்கத் தெரியாது.” பேத்திக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துகளைக் கற்றிருக்கிறாள். எழுத்துக் கூட்டினால் சொல் வரும், பொருள் வராது.

ஊரில் ஆசிரியையாக இருக்கும் என் அக்காவின் மகளைத் தொலைபேசியில் அழைத்து, அவளுடைய பாடசாலை நூலகத்துக்குப் புத்தகங்களை அனுப்ப விரும்புவதாகச் சொன்னேன். மகிழ்ச்சியில் துள்ளுவாள் என்று நினைத்தேன். அவளோ, “மாமா, முதலிலை பட்டியலை அனுப்புங்கோ. வெளிநாட்டிலையிருந்து வந்து, இடமில்லாமல் பெட்டியோடை கிடக்கிற புத்தகம் இஞ்சையும் இருக்குது. பிள்ளையள் வாசிக்கக்கூடியதை நாங்கள் தெரிஞ்சு சொல்லுறம்” என்றாள். முதலில் மனம் வருந்தியது. யோசித்துப் பார்த்தபோது அவள் சொன்னதே சரி என்று கண்டேன். ஈழத்து நூல்களை வருடி இணையத்தில் எவரும் வாசிக்க வைக்கும் நூலகம் என்னும் தளம் 2005 முதல் இயங்கிவருகிறது. அங்கே இல்லாத அரிய நூல்கள் என்னிடம் உண்டா என்றும் பார்க்கச் சொன்னாள். நூலை அனுப்புவது சுமையை இறக்குவதாக இருக்கக் கூடாதல்லவா?

கண்ணிற் சத்திரசிகிச்சை செய்திருந்தபடியால் என்னால் எழுத முடியவில்லை. பாடசாலை விடுமுறையில் வந்த பேத்தியை எழுத வைத்தேன். அவள் நூலின் தலைப்பை எழுத்துக் கூட்டி வாசிப்பாள், தவறினால் நான் திருத்துவேன், பின் எழுதுவாள். முதல் நாள் இருபது நூல். நாலாம் நாள் அறுபது. ‘திரட்டு’ என்றால் என்ன, ‘வெண்பா’ என்றால் என்ன என்று கேட்கத் தொடங்கினாள். தமிழ்ப் பள்ளியில் நான்கு ஆண்டில் வராத வேகம் அந்த ஒரு வாரத்தில் வந்ததைக் கண்டு, இதை முன்னரே செய்யாமற் போனோமே என்று வருந்தினேன்.

ஐந்தாம் நாள், கீழ்த்தட்டின் மூலையிலிருந்து மெல்லிய நூலொன்றை அவள் இழுத்தெடுத்தாள். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்கள். உள்ளே ஊதா நிறத்தில் மங்கிய முத்திரை: யாழ்ப்பாணம் பொது நூலகம்.

“அம்மப்பா, இது லைபிறரிப் புத்தகமல்லோ? ஏன் எங்கடை வீட்டிலை இருக்குது?”

நேயர்களே, பெட்டியில் வந்த பதினொன்றில் எனக்குச் சொந்தமில்லாத நூல் இதுவே. 1981ஆம் ஆண்டு மே மாதம், அன்று ஏழு வயதாயிருந்த என் அக்காவின் மகளுக்காக இதை நான் இரவல் எடுத்தேன். பதினான்கு நாள் தவணை. திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதி ஜூன் 4. அத்திகதி வந்தபோது திருப்பிக் கொடுப்பதற்கு நூலகம் இருக்கவில்லை. அலுமாரியிற் பத்திரமாக அடுக்கியிருந்தவையெல்லாம் எரிந்தன. ஒரு பிள்ளையின் கையில் இருந்த இது பிழைத்தது. நாட்டை விட்டுப் புறப்பட்டபோது இதை விட்டுவர மனம் வரவில்லை. கொண்டுவந்தது சரியோ என்று நாற்பது ஆண்டுகளாக எனக்குள்ளே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. நூலகத்தை மீளக் கட்டித் திறந்தபின்பு, ஊருக்குப் போன இரண்டு முறையும் இதைக் கையோடு எடுத்துச் செல்ல நினைத்தேன். இரண்டு முறையும் கடைசி நேரத்தில் அலுமாரியிலேயே வைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் பேத்திக்குச் சொன்னேன். அவள் விரல்களை மடித்துக் கணக்குப் பார்த்தாள். “நாற்பத்துநாலு வருஷம் பிந்திப்போச்சு! எவ்வளவு குற்றப்பணம் கட்டவேணும், அம்மப்பா?”

நான் பதில் சொல்லவில்லை. அவள் நூலை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். ‘வெருளி’ என்ற சொல்லில் நின்றாள். வயலிலும் தோட்டத்திலும் பறவைகளை விரட்டுவதற்கு வைக்கோலும் பழந்துணியும் கொண்டு செய்து நிறுத்தும் பொம்மை என்று விளக்கினேன். தானே சிரித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். எழுத்துக் கூட்டும் ஓசை கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. உதடுகள் மாத்திரம் அசைந்தன.

மாலையிற் பட்டியலைப் பார்த்தேன். அந்நூலின் பெயர் அதில் இல்லை. கேட்டபோது, “அதை நான் எழுதேல்லை. இப்ப நான் இரவல் எடுத்திருக்கிறன். முடிச்சிட்டுக் குடுப்பம்” என்றாள். நூலினுள்ளே ஒரு கடதாசித் துண்டு இருந்தது. அதில் பென்சிலால் தன் பெயரையும் அன்றைய திகதியையும் தமிழில் எழுதி வைத்திருந்தாள்.

அன்றிரவு அக்காவின் மகளுக்கு இச்செய்தியைச் சொன்னேன். மறுமுனையிற் சிறிது நேரம் சத்தமில்லை. பின்னர், “மாமா, அது எனக்கெண்டு எடுத்த புத்தகமல்லோ? நான் இன்னும் முடிக்கேல்லை” என்றாள். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே அந்நூலுக்கு இப்போது இரண்டு வாசகர்கள் இருக்கிறார்கள். பாடசாலை தெரிந்தெடுத்த நூற்றுப்பதினேழு நூல்கள் கப்பலிற் போகின்றன. இது மாத்திரம், அடுத்த ஆடி மாதம் நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போகும்போது, என் கைப்பையில் வரும். பேத்தி முடித்து, என் அக்காவின் மகளும் முடித்தபின், அந்த வெண்ணிறக் கட்டடத்தின் படிகளில் ஏறி நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். குற்றப்பணம் கேட்டால் கட்டுவேன்.